நாகஜோதி அழாத சாயங்காலம்

நாகஜோதிக்கு நாற்பத்தாறு வயதில்தான் மேடையில் ஆட வாய்த்தது. அதுவும் புருஷன் படுத்த படுக்கையாகி வாய் பேச முடியாமல் போன பிறகு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்கிறவர்கள் வாயை யார் அடைப்பது?

சேவுகம்பட்டிக்குக் கிழக்கே, தார் ரோட்டை விட்டு ஒன்றரை மைல் உள்ளே இருக்கிறது வெள்ளைக்கரட்டுப்பட்டி. நூற்றுச் சொச்சம் வீடு. அத்தனையும் ஒரே வகையறா, பங்காளி வீடுகள். மல்லிகையும் கத்தரியும் தென்னையும் போட்டுப் பிழைக்கிற ஊர். விடியுமுன் பூ எடுத்து முடித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அந்தப் பூ வேனை இருபது வருஷம் ஓட்டியவர்தான் நாகஜோதியின் புருஷன் சோலைமுத்து.

கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, மகள் சுகன்யா கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. கல்யாணமாகி வந்த முதல் வைகாசியில் காளியம்மன் கோயில் முன்னால் பெண்கள் கும்மி கொட்டியபோது நாகஜோதியும் போய்ச் சேர்ந்துகொண்டாள். பிறந்த வீட்டில் அவள் கும்மிக்குப் பேர் போனவள். ஊரே வேடிக்கை பார்த்தது. சோலைமுத்து வேனை நிறுத்திவிட்டு வந்து, கூட்டத்துக்குள் கை நீட்டி, "வா வீட்டுக்கு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவள் கோயில் முன்னால் கை தட்டியது சாமி கும்பிடும்போது மட்டும்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேன் சாவியை எடுக்கக் குனிந்த மனுஷன் அப்படியே சரிந்தார். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டு போனார்கள், திண்டுக்கல்லில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். வேனை விற்றாகிவிட்டது. நாகஜோதி அடுத்தவர் தோட்டத்தில் பூ எடுக்கப் போனாள். வந்து அவருக்குத் துடைத்துவிட்டு, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டினாள். சுகன்யா திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்தாள். சனி ஞாயிறு வந்தால் அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிடுவாள், செல்போனில் எதையாவது காட்டிச் சிரிக்க வைப்பாள். அவர் வாய் கோணிச் சிரிப்பது மகளுக்கு மட்டும்தான்.

இந்த வருஷம் பங்குனியில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மூன்று வருஷமாகக் காளியம்மன் கும்பிடுத் திருவிழா நின்று போயிருந்தது. ஒவ்வொரு வருஷமும் காப்புக் கட்டுகிற சமயம் பார்த்து ஒரு சாவு. பங்காளி ஊரில் ஒரு சாவு என்றால் அத்தனை வீட்டுக்கும் தீட்டு. பிறகு என்ன கும்பிடு? இந்த வருஷம் எப்படியும் நடத்தியே தீர்வது, கும்பிடு முடிகிற நாளான வைகாசி பத்தில் புதுசாக மேடை போட்டுக் கும்மி அரங்கேற்றம் வைப்பது என்று முடிவு பண்ணினார்கள். முன்னால் நின்றவள் மகேஸ்வரி. சோலைமுத்துவின் அண்ணன் பெண்டாட்டி. எடுத்த காரியத்தை விடமாட்டாள். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து இளவேனில் என்று ஒரு வாத்தியாரைக் கூட்டி வந்தாள். முப்பது வயசுக்காரர், சாந்தமானவர்.

அவர் வைத்த ஏற்பாடுதான் ஊரைக் கட்டிப்போட்டது. எட்டு வயசிலிருந்து எழுபது வயசு வரை நாற்பத்திரண்டு பெண்கள். அத்தனை பேரும் ஜோடி ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். மாமியாரும் மருமகளும், அத்தையும் மருமகளும், அம்மாவும் மகளும். கும்மியில் மூன்றாவது தட்டு சொந்தக் கையில் கிடையாது, ஜோடியின் கையில்.

"ஏனுங்க, உங்க கை அவங்க கையில பட்டாத்தானுங்க சத்தம். ஒருத்தரு வராட்டி இன்னொருத்தரு மேடையில சும்மா நிக்கோணுமுங்க. அதனால யாரும் லீவு போடக் கூடாதுங்க" என்றார் இளவேனில் முதல் நாளே.

நாகஜோதி போகிற எண்ணத்தில் இல்லை. சுகன்யாதான் விடவில்லை. படிப்பு முடிந்திருந்தது. வேலைக்குப் போகுமுன் மூன்று மாசம் வீட்டில் இருந்தாள்.

"நீ வந்தா நான் வாரேன். நீ வரலைன்னா நானும் போகல" என்றாள்.

"அப்பாவ யாருடி பாக்குறது?"

"ராத்திரி ஒரு மணி நேரம்தான. அப்பாட்ட நான் கேட்டுட்டேன். தலைய ஆட்டிட்டாரு."

அவர் தலையை ஆட்டினாரா, ஈயை விரட்டினாரா, யாருக்குத் தெரியும். நாகஜோதி போனாள். இரண்டாவது நாளே இளவேனில் அவளை முன்வரிசைக்கு மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து கஞ்சி கரைக்கும்போதும் கால் தானாகத் தாளம் போட்டது. புருஷன் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நாகஜோதி வெட்கப்பட்டு நின்றுகொள்வாள். சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கே இன்றைக்கு வாய் வருவதில்லை.

சித்திரை பிறந்ததும் சோலைமுத்துவுக்குச் சளி கட்டியது. கஞ்சி இறங்கவில்லை. அப்போதுதான் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத சனம் இளநீரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தது. "அண்ணன் எப்படி இருக்காக?" "சித்தப்பா முழிச்சுப் பாக்குறாகளா?" காலையில் ஒருத்தி, சாயங்காலம் மூன்று பேர். நாகஜோதிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூடச் சேர்ந்து ஆடினதுக்கு இம்புட்டுப் பாசமா என்று சுகன்யாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஜக்கம்மாள்தான் அதைப் போட்டு உடைத்தாள். எழுபது வயசு, கூட்டத்திலேயே மூத்த ஆட்டக்காரி, பேரன் பெண்டாட்டியோடு ஜோடி. ஒளித்துப் பேசத் தெரியாத வாய் அவளுக்கு. கட்டில் பக்கம் நின்று சோலைமுத்துவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏத்தா, வைகாசி பத்து தாண்டுவானா?"

"என்னத்த இப்படிக் கேக்குறீக?"

"பின்ன எப்படிக் கேக்க? மூணு வருசமா நின்னுபோன கும்பிடுத்தா. இவன் போனா இந்த வருசமும் போச்சு. நானெல்லாம் அடுத்த வருசம் இருப்பேனா இல்லையா. எப்பாடு பட்டாவது அவன பத்தாந்தேதி மட்டும் இழுத்துப் பிடி."

இளநீரும் ஆரஞ்சும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நாகஜோதி மீதி ஆரஞ்சை அள்ளிக் கொல்லையில் வீசினாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவருக்கு நெஞ்சில் தைலம் தேய்க்கும்போது, "பத்தாந்தேதி வரைக்கும் இருங்க" என்று அவளே சொன்னாள். மகள் பதினைந்தாம் தேதி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். போனால் பிறகு கல்யாணம், பிள்ளை, அவள் பாடு. அம்மாவும் மகளும் ஒரு மேடையில் நிற்க இதைவிட்டால் வேறு நாள் கிடையாது. ஊர்க்காரிகளை ஏசவும் அவளுக்கு யோக்கியதை இல்லாமல் போனது.

வைகாசி பத்து வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை. மாம்பழ மஞ்சளில் நாற்பத்திரண்டு சேலை. சுகன்யா மத்தியானமே தலை பின்னிக்கொள்ள மகேஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டாள். நாகஜோதி சேலையைக் கட்டிக்கொண்டு, போகுமுன் அவருக்கு இரண்டு வாய் கஞ்சித் தண்ணி கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கரண்டி கடைவாய் வழியே வழிந்தது. துடைத்தாள். மறுபடியும் கொடுத்தாள். அதுவும் வழிந்தது. கண் திறந்தபடிதான் இருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். சுவரில் மணி இரண்டே முக்கால்.

"ஏங்க" என்றாள். பிறகு கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகேஸ்வரி மல்லிகைச் சரத்தோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், நாகஜோதியைப் பார்த்தாள். பூவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து நாகஜோதியின் வாயைப் பொத்தினாள். காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"நாகு, அழுதுராத. என் தாயி, அழுதுராத."

நாகஜோதி திமிறினாள். மகேஸ்வரி விடவில்லை.

"போனவுக போயிட்டாக. இனி டாக்டரு வந்தாலும் வரப்போறதில்ல. கேளு நாகு. நீ சத்தம் போட்டாத்தான் சாவு. ஊரு காதுல விழுந்தாத்தான் தீட்டு. ஏழு மணி வரைக்கும் பொறு. நாலு மணி நேரம். அப்புறம் ஊரே வந்து ஒன்கூட அழும்."

"என்னக்கா பேசுறீக நீங்க? அவுகளப் போட்டுட்டு..."

"நாப்பத்திரண்டு பேரு நாகு. ஜக்கம்மா அத்தை காலையிலருந்து சோறு திங்காம உக்காந்திருக்கு. சின்னப் பிள்ளைக ரெண்டு மாசமா... எல்லாம் போயிரும்."

"சரி, நீங்க ஆடுங்க. நான் இங்கயே இருக்கேன். வாயத் தொறக்கல."

"நீ வராட்டி சுகன்யா மேடையில ஜோடி இல்லாம நிப்பா. ஏன் ஒங்கம்மா வரலைன்னு நாலு பேரு கேப்பாக. ஓடி வருவா. அப்புறம்?"

"அவகிட்டயாச்சும் சொல்லிருவோம்க்கா."

"அவகிட்டத்தான் சொல்லவே கூடாது. அப்பன் செத்தது தெரிஞ்சு பிள்ளை ஆடுவாளா? முகத்துலயே காட்டிக் குடுத்துருவா."

நாகஜோதி தரையில் உட்கார்ந்தாள். நியாயமாகப் பார்த்தால் மகேஸ்வரியைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. ஏனென்றால் அவளுக்குள்ளும் ஒருத்தி, "நாலு மணி நேரம்தானே" என்று சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் ஆடாமல் இருந்தேனே, உங்களுக்காகத்தானே, இந்த நாலு மணி நேரத்தை எனக்குக் கொடுக்கக் கூடாதா என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். மகேஸ்வரி மேல் முழுப்பழியையும் போட அவளால் முடியாமல் போனது இதனால்தான்.

எழுந்து அவர் கண்ணை மூடிவிட்டாள். வேட்டித் துணியைக் கிழித்து வாய்க்கட்டுக் கட்டப்போனாள். செத்தவர் தாடையைத் துணி கொடுத்து உச்சியில் கட்டாவிட்டால் வாய் பிளந்துகொள்ளும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாத. ஜன்னல் வழியா எவளாச்சும் எட்டிப் பாத்தா? தூங்குறாக்குல இருக்கட்டும். வந்து கட்டிக்கிருவோம்."

போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டார்கள். நாகஜோதி மின்விசிறியை ஓடவிட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. நாலு வருஷமாகப் பூட்டாத வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினாள். மகேஸ்வரி கீழே கிடந்த சரத்தை எடுத்து உதறி அவள் தலையில் வைத்துவிட்டாள்.

மேடை பெரிசாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர் சனமெல்லாம் வந்திருந்தது. மைக்கில் ஒருவர், எட்டு வயசும் எழுபது வயசும் ஒரே மேடையில் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுகன்யா ஓடிவந்து அம்மா சேலையில் பின் குத்திவிட்டாள்.

"ஏம்மா மொகம் இப்படி இருக்கு? பயமா?"

"ம்."

"அப்பா சாப்டாரா?"

"சாப்டாக."

அவள் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

உறுமி எழும்பியது, ஆட்டம் தொடங்கியது. ஒன்று, இரண்டு சொந்தக் கையில், மூன்றாவது மகள் கையில். மகள் கை சூடாக இருந்தது. முதல் பாட்டு முழுக்க நாகஜோதி மனசுக்குள் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டு ஆடினாள். இரண்டாவது பாட்டில் கால் எங்கோ தவறியது, சுகன்யா கண்ணைக் காட்டிச் சரிபண்ணினாள். மூன்றாவது பாட்டு வேகம். வரிசை உடைந்து வட்டமாகி, வட்டத்துக்குள் வட்டமாகி, சின்னப் பிள்ளைகள் நடுவிலும் பெரியவர்கள் வெளியிலுமாகச் சுற்றியது. ஜக்கம்மாள் எழுபது வயசை எங்கே வைத்தாளோ, குனிந்து நிமிர்ந்து கொட்டினாள். கூட்டம் விசிலடித்தது. அந்தச் சுற்றில் நாகஜோதிக்கு எல்லாம் மறந்துபோனது. வீடு, கட்டில், பூட்டு, ஒன்றுமே இல்லை. ஒரு பாட்டு நேரம், ஆறோ ஏழோ நிமிஷம், அவள் புருஷன் சாகவே இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பாட்டு நின்று கை தட்டல் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

ஏழு மணிக்கு முடிந்தது. சால்வை போட வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நாகஜோதி நகரப் பார்த்தாள், யாரோ பிடித்து நிறுத்தினார்கள். அதற்குள் சுகன்யா செல்போனும் கையுமாக மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

"வீடியோ சூப்பரா வந்திருக்கும்மா. அப்பாட்ட காட்டிட்டு வாரேன்."

"ஏய், நில்லுடி! சுகன்யா!"

அவள் ஓடிவிட்டாள். நாகஜோதி சால்வையோடு பின்னால் ஓடினாள். வீட்டு வாசலில் சுகன்யா பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா பூட்டுன? அப்பா உள்ளதான இருக்காரு?"

நாகஜோதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. மகள்தான் வாங்கித் திறந்தாள். "அப்பா, இங்க பாருங்க, அம்மா ஆட்டத்த" என்றுகொண்டே உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

வாய் பிளந்திருந்தது. சுகன்யா செல்போனைக் கட்டிலில் வைத்தாள். அதில் கும்மிப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மரமாக இறுகிப்போயிருந்தது. கழுத்தும் திரும்பவில்லை. மூன்று வருஷம் இதைத்தான் படித்திருக்கிறாள். செத்து எத்தனை மணி நேரம் கழித்துத் தாடை இறுகும், எப்போது கை கால் இறுகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மஞ்சள் சேலை, தலை நிறைய பூ, தோளில் சால்வை.

"எப்பம்மா?"

"நான் போகையில நல்லாத்தான்டி இருந்தாக. இப்பத்தான்..."

சுகன்யா செல்போனை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள். அதற்குள் மகேஸ்வரி வந்து சேர்ந்து, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ எங் கொழுந்தனே!" என்று பெருங்குரல் எடுத்தாள். ஊர் காதில் விழுந்தது. சாவு ஆனது. ஏழே காலுக்கு உயிர் பிரிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸிலும் அந்த நேரம்தான்.

மஞ்சள் சேலைக்காரிகள் அப்படியே வந்து சுற்றி நின்று ஒப்பாரி வைத்தார்கள். ஜக்கம்மாள் பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "மகராசன், ஆட்டம் முடியுற மட்டும் உசுரப் பிடிச்சு வச்சிருந்திருக்கான் பாரு. ஊருக்காகச் செஞ்சிருக்கான்!" ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். குளிப்பாட்ட வந்த ஆண்களில் இரண்டு பேர் மூடாத வாயைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை. கும்பிடு நல்லபடியாக நடந்துவிட்டதே, பேசி என்ன ஆகப்போகிறது?

நாகஜோதிக்கு மட்டும் அழுகை வரவில்லை. மகேஸ்வரி தோளைக் கட்டிக்கொண்டு, "இப்ப அழு நாகு, இனி அழலாம்" என்று காதில் சொன்னாள். நாகஜோதி வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. வாசலில் பாடைத் தேர் கட்டும்போதும், தூக்கும்போதும், தாலி வாங்கும்போதும் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்றார்கள். நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவளுக்கு விட்டது சனியன் என்று இருக்கும் என்றும் ஒருத்தி சொன்னாள். எல்லாம் அவள் காதில் விழத்தான் செய்தது.

சுகன்யா பதினாறு நாளும் வீட்டு வேலை பார்த்தாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். "ஏழே காலுக்கு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளும் சொன்னாள். அம்மாவோடு மட்டும் பேசவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி நாள் தள்ளி வாங்கியிருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாகஜோதி தார் ரோடு வரைக்கும் கூடவே நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் பூக்கூடையோடு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சுகன்யா கேட்டாள்.

"ரெண்டு மணியா, மூணு மணியாம்மா?"

"ரெண்டே முக்கா."

"ம்."

"மகேஸ்வரி அக்காதான்டி..."

"பெரியம்மாவ நான் கேக்கல. நீ ஆடினது ஒன் இஷ்டம். அப்பா ஒன்னய ஆட விடல, அது எனக்கும் தெரியும். என்னய எதுக்கும்மா ஆட வச்ச? எங்கப்பா வாயத் தொறந்து கெடக்கையில நான் மேடையில பல்லக் காட்டிச் சிரிச்சிக்கிட்டு ஆடியிருக்கேன். ஊரு பூரா வாட்ஸப்புல ஓடுது. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ ஆடியிருக்க மாட்டடி."

"ஆமா. ஆடியிருக்க மாட்டேன்."

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ் வந்தது. சுகன்யா ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். அம்மா நிற்கிற பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பிப் புளியமரத் திருப்பத்தில் மறைந்தது.

அப்போதுதான் நாகஜோதிக்கு வந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து, "ஐயோ என்னப் பெத்த ராசா, என்னய விட்டுப் போயிட்டீகளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. பூக்கூடைக்காரிகள் பதறிப்போய் ஓடிவந்து பிடித்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"கட்டுன புருசன் செத்தப்ப கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. மக வேலைக்குப் போறதுக்கு அழுறத பாரேன்!"